அளக்காமல் கட்டும் கட்டணம்

சான்றில்லாத ஒரு வரியைக்கூட ஆய்வேட்டில் அனுமதிக்காத கல்வியுலகம், வீட்டு இணையம் மந்தமானால் மட்டும் எந்தச் சான்றையும் கேட்பதில்லை. தில்லி முனிர்காவின் வாடகை அறையொன்றில், சோத்கங்காவிலிருந்து ஓர் ஆய்வேடு இறங்க மறுத்தால் போதும், 50 எம்.பி.பி.எஸ். திட்டம் 100 ஆகிறது, 100 பின்னர் 200 ஆகிறது. மேசைக்கணினியோ பழைய வேகத்திலேயே ஊர்கிறது.

விற்பவருக்கு இதில் இழப்பில்லை. நெட் உதவித்தொகை பெறாத மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவருக்குப் பல ஆண்டுகளாகக் கிடைத்துவந்தது மாதம் 8,000 ரூபாய். அத்தகையவரின் கையிலிருந்துதான் இந்த வீண்செலவு போகிறது.

திட்டத்தில் குறித்த வேகம் ரவுட்டர் வரை வந்து சேரும் வேகம். அங்கிருந்து கணினி வரையுள்ள வழிக்கு அது பொறுப்பேற்பதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பில் அந்த மூன்றுக்கும் பல வீடுகள் போட்டியிடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது. ஆனால் கான்கிரீட் சுவர்களைக் கடக்கையில் விரைவில் தளர்ந்துவிடும். மேசைக்கணினியின் நிலை இன்னும் மோசம். மேசைக்கடியில், இரும்புப் பெட்டியின் பின்புறத்தில், சுவரைப் பார்த்தபடி கிடக்கிறது அதன் ஆன்டெனா. யு.எஸ்.பி. 3.0 இணைப்புகளோ 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பி, அருகில் செருகிய வைஃபை டாங்கிளைத் தடுமாறச் செய்யும்.

உண்மையை அறியக் கால் மணி நேரச் சோதனை போதும். ரவுட்டரோடு கணினியை ஈதர்நெட் கேபிளால் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். பின்னர் கேபிளைக் கழற்றி, வைஃபையில் அளக்க வேண்டும். கேபிளில் முழுவேகம் வந்து வைஃபையில் குறைந்தால், பழுது வீட்டுக்குள் இருக்கிறது. எந்தப் பெரிய திட்டமும் அதைத் தீர்க்காது. கேபிளிலும் இரவுதோறும் வேகம் சரிந்தால், தேதியும் நேரமும் குறித்த அளவீடுகளோடு நிறுவனத்திடம் முறையிடலாம். 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட் மட்டுமே என்பதையும் அறிந்திருந்தால் வீண்புகார்கள் குறையும்.

கேபிள் காலாவதியான பொருள், வீட்டுக்காரர் சுவரைத் துளைக்க விடமாட்டார் என்பன வழக்கமான மறுப்புகள். மேசைக்கணினி இடம் நகராத பொருள். நகராத பொருளுக்குக் கம்பியில்லா இணைப்பு கட்டாயமில்லை. சாதாரண கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் கடத்தும். தட்டையான கேபிள் கதவின் அடியிலேயே நுழைந்துவிடும். அதற்கும் வழியில்லாதவர் ரவுட்டரை உயரமான திறந்த இடத்துக்கு மாற்றலாம். டாங்கிளை நீட்டிப்பு வடத்தின் மூலம் மேசைமேல் வைக்கலாம். இவற்றுக்கு மாதக் கட்டணம் இல்லை.

அளவீட்டின் அருமையை முறையியல் வகுப்பில் போதிக்கும் நெறியாளரே, இணையவழிக் கலந்துரையாடலில் குரல் அறுபடும் மாணவரிடம் “நல்ல திட்டமாகப் போட்டுக்கொள்ளுங்கள்” என்கிறார். அவர் முதலில் கேட்க வேண்டியது, கேபிளில் எவ்வளவு வேகம் வந்தது என்பதைத்தான்.