அம்மனுக்கு 28 நாள்... உங்களுக்கு?

சமயபுரம் மாரியம்மன் வருஷத்துக்கு 28 நாள் பட்டினி கிடக்கிறாள். பக்தன் விரதமிருந்து சாமியிடம் வரம் கேட்பதுதான் ஊருலக வழக்கம். இங்கே தலைகீழ். பக்தர்கள் நல்லா இருக்கணும் என்று சாமி விரதம் இருக்கிறாள். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலோடு ஆரம்பித்து, பங்குனிக் கடைசி ஞாயிறு வரைக்கும் ‘பச்சைப் பட்டினி’. அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளு மாவு, நீர்மோர், கரும்புப் பானகம், இளநீர்... அவ்வளவுதான்.

அந்த லிஸ்ட்டை இன்னொரு தரம் படியுங்கள். துள்ளு மாவு என்பது பச்சரிசி மாவும் வெல்லமும். பானகம் முழுக்கச் சர்க்கரை. மோரில் மட்டும் பேருக்குக் கொஞ்சம் புரதம். கெட்டோ ஆலோசகர் யாரிடமாவது இந்த மெனுவைக் காட்டினால் மயக்கம் போட்டு விழுவார். ‘முதல்ல அந்த மாவை நிறுத்துங்கம்மா. காலைல நூறு பாதாம், மத்தியானம் நெய்யில வதக்கின காலிஃப்ளவர், ராத்திரி பனீர்’ என்று அம்மனுக்கே சீட்டு எழுதிக் கொடுத்தாலும் கொடுப்பார்!

சிரிக்கச் சொல்லவில்லை. அதே சமயபுரத்தில், கோயிலுக்குப் போகிற வழியில் கடை வைத்திருக்கும் ஒரு நண்பர் இருக்கிறார். நாலு மாசத்தில் பதினோரு கிலோ இறக்கிவிட்டார். பழைய சட்டையெல்லாம் ஹேங்கரில் மாட்டியது மாதிரி தொங்குகிறது. சந்தோஷம். ஆனால், மனிதர் இப்போது பாதயாத்திரை வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தலில் பானகம் கொடுப்பதைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறார். “விஷம்ணே... அரிசி, வெல்லம், எல்லாமே விஷம். நம்ம பாட்டன் பூட்டன் தெரியாம சாப்பிட்டுட்டான்” என்கிறார். லால்குடியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் வெயிலில் நடந்து வந்தவர் அந்தப் பானகத்தைக் குடித்துத்தான் மூச்சு வாங்குகிறார். அவரைப் பார்த்து இவருக்குப் பரிதாபம்!

இப்படி ஒருவர் உங்கள் ஆபீஸிலும் இருப்பார். உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அவருக்காகத்தான் இந்த வாரம்.

முதலில் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கெட்டோவில் எடை குறையும். குறையாது என்று சொல்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறார். ‘ரெண்டு மாசத்துல கிட்னி காலி’ என்று பயமுறுத்துகிறவர்களிடமும் எனக்கு மரியாதை இல்லை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர் கவனமாக இருக்க வேண்டியதுதான். அதற்காக ஊரில் எல்லோருக்கும் டயாலிசிஸ் என்று கிளப்பிவிடுவது புரளி.

எப்படிக் குறைகிறது? அதில்தான் வேடிக்கை. நான் காமர்ஸ் படித்தவன். மார்ச் 31 நெருங்கும்போது சில கம்பெனிகள் பேலன்ஸ் ஷீட்டுக்குப் பவுடர் பூசும். ‘விண்டோ டிரெஸ்ஸிங்’ என்பார்கள். கெட்டோவின் முதல் வாரம் அதுதான். நம் ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் மாவுச்சத்து சேமிப்பு உண்டு. சுமாராக 400, 500 கிராம். ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் சேமிப்பு கரையும், தண்ணீரும் கூடவே வெளியேறும். முதல் வாரத்தில் ரெண்டு கிலோ போச்சு என்று குதிக்கிறோமே, அதில் பெரும்பங்கு பாத்ரூமுக்குப் போனது. ஒரு கல்யாணத்துக்குப் போய் இலையில் உட்கார்ந்தால் மறுநாளே திரும்பி வந்துவிடும். கொழுப்பு கரைவது அதற்கப்புறம்தான், மெதுவாக.

அதுவும் எதனால்? இட்லி, தோசை, பூரி, பரோட்டா, பஜ்ஜி, பிஸ்கெட், டீயில் சர்க்கரை... இத்தனையையும் ஒரே நாளில் இழுத்து மூடினால் மிச்சமிருக்கிற கதவுகள் எத்தனை? கொழுப்பும் புரதமும் பசியையும் அடக்கும். ஆக, மொத்தத்தில் குறைவாகச் சாப்பிடுகிறீர்கள். மாயமில்லை, மந்திரமில்லை.

புதுசும் இல்லை. 1863-ல் வில்லியம் பேன்டிங் என்று லண்டனில் ஒருவர். சவ அடக்கக் காரியங்கள் நடத்துவது தொழில். டாக்டர் சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கை விட்டு இளைத்தார். உடனே ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று ஒரு சிறு புத்தகம் போட்டுவிட்டார். இளைத்தவனுக்குப் பிரசங்கம் பண்ணாமல் இருக்க முடியாது என்பது அப்போதே நிரூபணம்! ‘கெட்டோஜெனிக்’ என்ற பெயர் வந்தது 1921-ல், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில். டாக்டர் ரஸல் வைல்டர் அதை வலிப்பு நோய்க்காகச் சொன்னார். மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு இன்றைக்கும் மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். அது வைத்தியம். 1972-ல் டாக்டர் அட்கின்ஸ் எடைக் குறைப்புக்கென்று ஒரு புத்தகம் எழுத, அது விற்றுத் தீர்ந்தது. அவர் பெயரிலேயே கம்பெனி, அவர் பெயரிலேயே சாக்லேட் பார். 2005-ல் அந்தக் கம்பெனி திவால் நோட்டீஸ் கொடுத்தது. அது வியாபாரம். இப்போது நம்மூரில் வாட்ஸ்அப்பில் வருகிற ‘30 நாள் சேலஞ்ச், சலுகைக் கட்டணம்’ எந்த வகை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, ஒரு வருஷம் கழித்து என்ன ஆகிறது? கணக்குப் பிள்ளைக்கு வருஷக் கடைசி நிலுவைதான் முக்கியம்.

2003-ல் அமெரிக்காவில் 63 பேரை வைத்து ஒரு சோதனை. ஆறாம் மாசம், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் தங்கள் எடையில் 7 சதவிகிதம் இறக்கியிருந்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் 3.2 சதவிகிதம்தான். ஆகா! ஆனால், பன்னிரண்டாம் மாசம் 4.4-ம் 2.5-ம். புள்ளிவிவரப்படி வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. சின்ன சோதனைதானே என்பீர்கள். 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்துப் பெரிதாகவே செய்தார்கள். ஒரு வருஷ முடிவில் கொழுப்பைக் குறைத்த கோஷ்டி சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்த கோஷ்டி 6 கிலோ. வித்தியாசம் 700 கிராம்! ரெண்டு கோஷ்டியிலுமே நன்றாக இளைத்தவரும் உண்டு, முன்னைவிடப் பெருத்தவரும் உண்டு.

இன்னொரு சங்கதிதான் எனக்குப் பிடித்தது. மாவுச்சத்துக் கோஷ்டியை முதலில் நாளுக்கு 20 கிராம் வரை இறங்கச் சொன்னார்கள். பிறகு, ஆயுசுக்கும் தாக்குப்பிடிக்க முடிகிற அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். வருஷக் கடைசியில் அவர்கள் வந்து நின்ற இடம் சராசரியாக 130 கிராம் பக்கம். கெட்டோவுக்கு 50 கிராம்தான் உச்சவரம்பு. நம்மூர்க் கிண்ணம் ஒன்றில் சாதம் போட்டாலே 40 தாண்டிவிடும். அதாவது, கூடவே ஆலோசகர்களும் வகுப்புகளும் இருந்தும், அந்த விரதத்திலேயே நின்றவர்கள் குறைவு.

மாரியம்மன் விரதத்துக்கும் இதற்கும் நான் பார்க்கிற வித்தியாசம் இதுதான். அம்மன் விரதத்துக்குத் தேதி இருக்கிறது. 29-வது நாள் என்ன என்று குருக்களுக்குத் தெரியும், பக்தருக்கும் தெரியும். கெட்டோ விற்கிறவரிடம் ‘முடிப்பு எப்போங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இது டயட் இல்லை சார், வாழ்க்கை முறை’ என்பார். வாழ்க்கை முறை என்றால் பொங்கலுக்குப் பொங்கல் உண்டா, பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் பாயசம் உண்டா? பதில் வராது. எடை திரும்பினால் மட்டும் டக்கென்று வரும்: ‘நீங்க ஒழுங்கா ஃபாலோ பண்ணலை.’ இறங்கினால் அவர் கெட்டிக்காரத்தனம், ஏறினால் உங்கள் நாக்கு! லாபத்தில் மட்டும் பங்கு கேட்கிற பார்ட்னரை எந்தத் தொழிலில் சேர்ப்பீர்கள்?

‘அரிசி விஷம்’ என்பதற்கு வருகிறேன். நாம் அளவுக்கு மீறி மாவுச்சத்து சாப்பிடுகிறோம் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வில், இந்தியன் சாப்பாட்டின் சக்தியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று கண்டார்கள். அதே ஆய்வு 2023-ல் சொன்ன இன்னொரு கணக்கு: நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம். கும்பாச்சியாகக் குவித்து, நடுவில் குழிபறித்துச் சாம்பார் ஊற்றுகிற நம் பழக்கத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால், அந்த ஆய்வில் முன்னணியில் இருந்த சென்னை டாக்டர் மோகன் குழுவினர் 2022-ல் என்ன சொன்னார்கள்? புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் மாவுச்சத்தை ஏறக்குறையப் பாதிக்குக் கொண்டுவாருங்கள், புரதத்தைக் கூட்டுங்கள் என்றார்கள். பாதி! கெட்டோ கேட்பதோ பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இரண்டுக்கும் நடுவில் ஒரு காவிரி டெல்டாவே கிடக்கிறது. சாதத்தைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரையும் சுண்டலும் ரெண்டு முட்டையும் வைக்கச் சொன்னால் யாரும் கட்டணம் வசூலிக்க முடியாது. அதனால்தான் அதை யாரும் சேலஞ்ச் ஆக்குவதில்லை.

காசு விஷயத்தையும் சொல்லாமல் முடியாது. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிற மாநிலம் இது. பாதாமும் பனீரும் ரேஷனில் வருவதில்லை. ஒரு கிலோ பாதாம் வாங்குகிற காசில் எத்தனை கிலோ அரிசி வரும் என்று கடையில் விசாரியுங்கள். அப்புறம், பூ கட்டி விற்கிற அம்மாவிடம் போய் ‘நீ சாப்பிடறது விஷம்’ என்று சொல்ல நாக்கு வருகிறதா பாருங்கள்.

கோபம் வருகிற இடம் அது மட்டுமல்ல. என் நண்பரிடம் “சுகர் மாத்திரை போடறீங்களே, டாக்டர்கிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டேன். “எதுக்குண்ணே? அவர் அரிசி சாப்பிடச் சொல்ற ஆளு” என்றார். அவருடைய ஆலோசகரும் கேட்கவில்லையாம். இன்சுலினோ, கிளிமிபிரைட் மாதிரி மாத்திரையோ எடுக்கிறவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். டோஸைக் குறைக்க வேண்டும், குறைக்க வேண்டியவர் டாக்டர். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘ஃப்ளோசின்’ வாலோடு வருகிற மாத்திரைகளில் இன்னொரு ஆபத்து. அதோடு கெட்டோவும் சேர்ந்தால், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறுகிற அபாயம் கூடுகிறது. மீட்டரில் சர்க்கரை கிட்டத்தட்ட நார்மலாகவே காட்டும், உள்ளே அமிலம் ஏறிக்கொண்டிருக்கும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வரும். சுகர் நார்மல்தானே என்று வீட்டில் படுத்திருந்தால் உயிருக்கே உலை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த வகை மாத்திரைகளைப் பற்றி 2015-லேயே எச்சரித்தது.

உங்கள் வீட்டில் கெட்டோ இருக்கிறவர் யாராவது சுகர் மாத்திரையும் போடுகிறார் என்றால், அந்த அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் எழுதியிருக்கிற மருந்தின் பெயரைப் படியுங்கள். ‘ஃப்ளோசின்’ என்று முடிந்தால் பாதாம் டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, இன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள்.