மற்போரும் மாணவியரும்

மகளிர்க்கு மற்போர் தகாதென்று களியக்காவிளைப் பக்கத்தில் இன்றும் சொல்வாருளர். ரோத்தக் நகரில் ஈசுவர் தஹியா என்னும் ஆசான் பெண்ணைக் கோதாவிற் சேர்த்தபோது ஊராரும் அவ்வாறே எதிர்த்தனர். அங்குப் பையன்களோடு பொருது பழகிய சாக்ஷி மாலிக், 2016-இல் ரியோ ஒலிம்பிக்கிற் காலிறுதியில் தோற்றும், மறுவாய்ப்பில் மங்கோலிய நாட்டு ஓர்க்கோனை வென்று, பின்னர்க் கிர்கிஸ்தான் நங்கையிடம் 0-5 எனப் பின்தங்கியும் 8-5 என மீண்டு வெண்கலம் பெற்றார். இந்திய மற்போர் மகளிர்க்கு அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம்.

நிற்க. அவரைக் களத்தினின்று அகற்றியது எதிராளியின் பிடியன்று. சங்கத் தலைவர் வீராங்கனையரைத் துன்புறுத்தினாரென்று டில்லியில் முறையிட்ட அவர், 2023 டிசம்பரில் அத்தலைவரின் அணுக்கரே தலைமையேற்கவே, காலணிகளை மேசைமேல் வைத்துவிட்டு விலகினார். ஆதலின், நம் கல்லூரி மாணவியர்க்குக் களம் அமைப்போர், அவர்தம் முறையீட்டைக் கேட்கும் பெண்டிரையும் உடன் அமர்த்துமாறு வேண்டுகிறோம்.