படம் எளிதாகிவிட்டது, பொருள் இன்னும் இல்லை

டைசன் நிறுவனம் 2024 அக்டோபரில் சிங்கப்பூரில் ஆட்குறைப்பு செய்தது. பொருள் வடிவமைப்பு படிக்கும் எங்களுக்கு அது வெறும் வர்த்தகச் செய்தியாக இருக்கவில்லை. பழைய செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையத்தில் 2022ல் அதன் உலகத் தலைமையகம் திறக்கப்பட்டதிலிருந்து, "படித்து முடித்து எங்கே வேலை?" என்று உறவினர்கள் கேட்டால் நாங்கள் முதலில் சொல்லும் பெயர் அதுதான். அவர்களுக்கும் தெரிந்த பெயர் என்பதால் கேள்வி அத்தோடு நின்றுவிடும். இப்போது நிற்பதில்லை.

ஒரு நிறுவனத்தின் ஆட்குறைப்பை வைத்து ஒரு துறையே முடிந்தது என்று சொல்ல முடியாது. என்னைக் கூடுதலாக யோசிக்க வைப்பது வேறொன்று. 2022 முதல் பரவிய செயற்கை நுண்ணறிவுப் படக் கருவிகள், புதிதாக வேலைக்குச் சேர்பவர் செய்துவந்ததைத்தான் முதலில் எடுத்துக்கொள்கின்றன. மூத்த வடிவமைப்பாளர் ஒரு யோசனை சொல்வார். இளையவர் அதை இருபது விதமாக வரைந்து, நிறம் மாற்றி, கணினியில் பளபளப்பாக்கிக் காட்டுவார். அந்த வேலையைச் செய்துகொண்டேதான் தொழிலையும் கற்பார். அதே இருபது படங்கள் இப்போது சில நிமிடங்களில் வந்துவிடுகின்றன. ஏணியின் உச்சி அப்படியே இருக்க, கீழ்ப்படி ஆட்டம் காண்கிறது.

ஆனால் அந்தப் படங்களை உற்றுப் பாருங்கள். தண்ணீர்ப் போத்தலுக்கு மூடி கேட்டால் அழகான மூடி வரும். அதன் சுவர்கள் செங்குத்தாக நிற்கும். பிளாஸ்டிக் மூடியைத் தயாரிக்க, உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, குளிர்ந்ததும் வெளியே தள்ள வேண்டும். சுவரில் ஓரிரண்டு பாகை சாய்வு இல்லாவிட்டால் மூடி அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும், வந்தாலும் கீறலோடு வரும். ஓரிடத்தில் தடிமன் கூடினால் அங்கே குளிர்வது தாமதமாகி மேற்பரப்பு குழிந்துவிடும். ஓர் அச்சு செய்யப் பல்லாயிரம் வெள்ளி ஆகலாம். செய்தபின் திருத்துவது அதைவிடத் தலைவலி. படக் கருவிக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. வடிவமைப்பாளருக்குச் சம்பளம் கொடுப்பதே இந்தக் கவலைகளைப் படுவதற்குத்தான் என்பது என் கருத்து.

இந்த அறிவை எங்கே பெறுவது என்பதில் சிங்கப்பூர் மாணவருக்குச் சிக்கல் உண்டு. நம் பொருளியலில் உற்பத்தித் துறை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆயினும் அதில் பகுதி மின்கடத்தி, ரசாயனம், மருந்து போன்றவையே அதிகம். நாம் அன்றாடம் தொடும் நாற்காலியும் மிக்சியும் போத்தலும் பெரும்பாலும் ஜோகூரிலோ ஷென்ஜென்னிலோ உருவாகின்றன. அதனால்தான் 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல உடன்பாட்டை வடிவமைப்பு மாணவர்கள் கவனிக்க வேண்டும் என்கிறேன். வரைபவர் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அச்சு செய்பவர் அந்தப் பக்கமும் இருக்கும் ஏற்பாடு இனி இன்னும் கூடலாம். வேலைப் பயிற்சிக்கு எல்லாரும் கண்ணாடிச் சுவர் அலுவலகங்களையே தேடுகிறார்கள். ஓர் அச்சுப் பட்டறையில் ஆறு வாரம் எண்ணெய்க் கறையோடு நின்றவருக்கு நேர்முகத் தேர்வில் பேச விஷயம் இருக்கும்.

கருவியால் எட்ட முடியாத இன்னோர் இடம், பொருளைப் பயன்படுத்துபவரின் கை. 2030ல் சிங்கப்பூரர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வயது 65 அல்லது அதற்குமேல் இருக்கும். வீவக வீடுகளின் கழிவறைகளில் கைப்பிடிக் கம்பி பொருத்தும் 'ஈஸ்' திட்டம் 2012லேயே வந்துவிட்டது. கம்பிக்கு அப்பால் செய்ய வேண்டியவை ஏராளம். சென்ற தவணையில் மாத்திரைப் பெட்டி ஒன்றை வடிவமைப்பதற்காக முதியவர்களைச் சந்தித்தோம். ஆங்கிலக் கேள்வித்தாளில் "திருப்தி" என்று குறியிட்ட ஒரு பாட்டியிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். "நான் எங்கேம்மா தெறக்கிறேன்? பக்கத்து வீட்டுப் புள்ளை திங்கக்கெழமை வந்து ஏழு மூடியையும் தெறந்து வச்சிட்டுப் போயிடும்" என்றார். மூடியைப் பெரிதாக்குவதா, நிறம் மாற்றுவதா என்று விவாதித்துக்கொண்டிருந்த நாங்கள், மூடியே வேண்டுமா என்று கேட்கத் தொடங்கினோம். தாய்மொழிப் பாடம் தேர்வோடு முடிந்தது என நினைக்கும் தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

படிக்க இடங்களுக்குக் குறைவில்லை. தேசியப் பல்கலைக்கழகத்தில் தொழில்துறை வடிவமைப்பு உள்ளது. சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம் உள்ளது. லாசால், நாஃபா இரண்டும் இணைந்த கலைப் பல்கலைக்கழகம் 2024ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் இருக்கின்றன. விண்ணப்பிக்கும்போது படைப்புத் தொகுப்பில் முடிந்த படத்தை ஒரு பக்கத்தோடு நிறுத்துங்கள். அட்டையில் செய்து உடைந்த மாதிரிகள், அது ஏன் உடைந்தது, அடுத்ததில் என்ன மாற்றினீர்கள் என்பவற்றுக்கு ஐந்து பக்கம் கொடுங்கள்.

பொது வரவேற்பு நாளில் அங்கே தொங்கும் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். பட்டறை இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும், கற்பிப்பவர்களில் எத்தனை பேரின் பொருள் கடைக்கு வந்திருக்கிறது, வேலைப் பயிற்சிக்கு எந்தத் தொழிற்சாலைக்கு அனுப்புவீர்கள் என்று கேளுங்கள்.