வெண்மணியிலிருந்து ஒரு நாவலை வாசிப்பது

மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிற காலம் இது. நாகையிலும் திருவாரூரிலும் வாசகர்கள் கூடுமிடங்களில் தவறாமல் எழுகிற கேள்வி ஒன்று உண்டு: உங்களுக்குப் பிடித்த நாவல் எது? பெரும்பாலோர் 'பொன்னியின் செல்வன்' என்பார்கள். கொஞ்சம் தீவிரமாக வாசிக்கிறவர்கள் 'மோகமுள்' என்பார்கள். இரண்டுமே காவிரிக் கரைக் கதைகள். அடுத்து யாராவது, "எல்லோரும் புகழ்வதால் மட்டும் ஒரு நாவல் பெரிய நாவலாகிவிடுமா?" என்று கேட்பார். உடனே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

இந்தச் சண்டையை நாம் வரவேற்கிறோம். ஆனால், தலித் வாசகர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டால் வருகிற பதில் வேறு. "இலக்கியத்தில் சாதி பார்க்கலாமா?" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். நடை சரியில்லை, கதை நீளம் என்று மற்றவர்கள் சொன்னால் அது ரசனை. எங்கள் சேரி இதில் எப்படி வந்திருக்கிறது என்று நாம் கேட்டால் அது அரசியல் என்கிறார்கள். இந்த வேறுபாடு நியாயமா என்பதை நம் மாவட்டத்து மண்ணிலிருந்தே எழுதப்பட்ட ஒரு நாவலைக் கொண்டு பார்க்கலாம். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'தான் அது.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையில், இன்றைய கீழ்வேளூர் வட்டத்துக் கீழவெண்மணியில், தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்தக் கொடுமையை மையமாகக் கொண்டு 1970களின் நடுவில் வெளிவந்த 'குருதிப்புனல்', 1977இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. 1983இல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்ற பெயரில் திரைப்படமாகவும் வந்தது. தமிழின் முக்கிய நாவல்களைப் பட்டியலிடும் பலரும் இதைச் சேர்ப்பதுண்டு.

நாவலுக்கு உரிய பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். சேரியைக் கதையின் ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்து செல்வதே வழக்கமாக இருந்த காலத்தில், சேரி எரிந்ததையே ஒருவர் நாவலாக்கினார். சம்பவம் நடந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. ஆறாத புண்ணைத் தொட்டு எழுதியது துணிச்சல். தேசிய விருது கிடைத்ததால், வெண்மணியைப் பற்றி அறியாத நகரத்து வாசகர்களிடமும் அந்தத் தீயின் வெளிச்சம் போய்ச் சேர்ந்தது. இவற்றை மறுப்பது நேர்மையாகாது.

எது காரணம்?

நமது கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. வெண்மணி ஏன் எரிக்கப்பட்டது என்பதற்கு நாவல் என்ன பதில் சொல்கிறது?

நாவலில் வரும் பண்ணையார் கண்ணையா நாயுடு ஆண்மைக் குறைவு உள்ளவர். அந்தக் குறையும், அது வெளிப்பட்டுவிடும் என்ற அவமானமும் அவரது வன்மத்துக்கு முக்கிய ஊற்றாகக் காட்டப்படுகின்றன. கூலிப் போராட்டமும் கம்யூனிஸ்டுகளும் நாவலில் இல்லாமலில்லை. ஆனால், வாசித்து முடித்தவர் மனத்தில் தங்குவது ஒரு தனிமனிதனின் நோய். நாவல் வந்த நாளிலிருந்தே இடதுசாரித் தரப்பில் இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. வர்க்கப் போராட்டத்தைப் படுக்கையறைப் பிரச்சினையாகச் சுருக்கிவிட்டார் என்றார்கள். ஆசிரியர் தரப்பிலோ, நாவல் என்பது செய்தி அறிக்கை அல்ல, மனித மனத்தின் இருளைத் தேடுவது அதன் உரிமை என்று வாதிட்டார்கள்.

உரிமை உண்டு, அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், அந்த மண்ணில் உண்மையில் நடந்தது என்ன? பண்ணையாள் முறையின் கீழ் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக வாங்கிய மக்கள், செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டார்கள். கேட்டது அரைப்படி நெல் கூடுதல் என்று இன்றும் ஊரில் சொல்கிறார்கள். இதை எதிர்கொள்ள மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று தனியே ஓர் அமைப்பு வைத்திருந்தார்கள். வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்தார்கள்; செங்கொடியை இறக்கிவிட்டுத் தங்கள் சங்கத்தில் சேரும்படி மிரட்டினார்கள். சேரி மறுத்தது.

அதாவது, வெண்மணிக்குப் பின்னால் இருந்தது ஓர் ஏற்பாடு. அதற்குத் தலைவர் இருந்தார், உறுப்பினர்கள் இருந்தார்கள், பணம் இருந்தது. நேற்றுவரை கைகட்டி நின்றவன் இன்று கூலி பேசுவதா என்ற சாதித் திமிர் அதில் அத்தனை பேருக்கும் பொதுவாக இருந்தது. ஒரு சங்கத்தின் மொத்த உறுப்பினர்களுக்கும் ஒரே நோய் இருந்திருக்க முடியாது.

தீர்ப்பும் நாவலும்

இங்கே இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெண்மணி வழக்கில் கீழ் நீதிமன்றம் 1970இல் பண்ணையார் தரப்பினர் சிலருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் அளவுக்கு வசதி படைத்த நிலக்கிழார்கள், வேலையாட்களை ஏவாமல், தாங்களே நடந்து சென்று குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பின் புகழ்பெற்ற வாதம். அதே இரவில் பண்ணையார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கிலோ தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

நீதிமன்றத்தின் கண்ணுக்கு அவர்கள் இப்படியெல்லாம் செய்யாத கனவான்கள். நாவலின் கண்ணுக்கு அவர்களில் ஒருவர் இப்படிச் செய்யக்கூடிய நோயாளி. ஒன்று பண்ணையாருக்குச் சாதகம், மற்றொன்று பாதகம். ஆனால், இரண்டிலும் நெல் உற்பத்தியாளர் சங்கம் பின்னுக்குப் போய்விடுகிறது. சாதி என்ற சொல் மங்கிவிடுகிறது. வழக்கம்போல இருக்கும் ஒழுங்கான மனிதர்கள், வழக்கம்போல இருக்கும் ஒழுங்கான ஊர், கூடிப் பேசி முடிவெடுத்து ஒரு சேரியை எரிக்க முடியும் என்ற உண்மையைச் சந்திக்காமல் தப்பிக்க இரண்டுமே வழி விடுகின்றன. 'குருதிப்புனல்' குறித்து நமக்குள்ள மனக்குறை இதுதான்.

யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். டெல்லியிலிருந்து ஊருக்குத் திரும்பிய கோபாலும், அவனைத் தேடி வரும் சிவாவும்தான் நாவலில் யோசிக்கிறார்கள், விவாதிக்கிறார்கள், குழம்புகிறார்கள். எரிந்துபோனவர்களுக்கு அந்த அளவு உள்மனம் தரப்படவில்லை. நடவு நட்ட பெண் அந்த டிசம்பரில் என்ன நினைத்தாள், ஏன் செங்கொடியை இறக்க மறுத்தாள் என்று தெரிந்துகொள்ள நாம் வேறு எங்காவதுதான் போக வேண்டியிருக்கிறது.

சலுகை கேட்கவில்லை

தலித் வாசகர்கள் தங்கள் ஆட்கள் எழுதியதை மட்டும் புகழ்கிறார்கள் என்றொரு குற்றச்சாட்டு உண்டு. 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது நடந்ததை நினைவூட்டலாம். தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் கதை அது. அதை மிகக் கடுமையாக விமர்சித்தவர்களில் தலித் திறனாய்வாளர்களும் இருந்தார்கள். விவாதம் நடந்தது, நாவலும் நிலைத்தது. பூமணியின் 'பிறகு', சிவகாமியின் 'பழையன கழிதலும்', பாமாவின் 'கருக்கு' என எல்லாமே கேள்விகளைக் கடந்துதான் நிற்கின்றன. நம் படைப்புகள் சந்திக்கும் கேள்வியை விருது பெற்ற மற்ற படைப்புகளும் சந்திக்கட்டும் என்பதைத் தவிர நாம் வேறொன்றும் கேட்கவில்லை.

அப்படியானால் 'குருதிப்புனல்' புகழுக்குத் தகுதியானதா? அது எடுத்துக்கொண்ட துணிவு புகழுக்குரியது. அது சொன்ன காரணம் புகழுக்குரியதல்ல. ஒரே நாவலைப் பற்றி இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்ல முடியும் என்பதை நம் பாடத்திட்டங்களும் விருதுக் குழுக்களும் ஏற்க வேண்டும்.

இது பழங்கதை அல்ல. வெண்மணியை நேரில் அறிந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. நம் மாவட்டக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் இனி அந்த இரவைப் புத்தகங்கள் வழியாகத்தான் அறியப்போகிறார்கள். ஆணவக் கொலை நடந்தால் குடும்பத் தகராறு, குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தால் தனிநபர் விஷமம் என்று இன்றும் சொல்லிப் பழகிய சமூகத்தில், வெண்மணியும் ஒரு மனிதனின் கோளாறு என்று அவர்கள் மனத்தில் பதிந்தால் இழப்பு யாருக்கு?

எனவே நாவலை ஒதுக்க வேண்டாம். தனியாக வாசிக்க வைக்காதீர்கள் என்பதே நம் கோரிக்கை. அதனுடன் உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் வகுப்பறையில் வையுங்கள். வெண்மணி பற்றி மைதிலி சிவராமன் எழுதிய கட்டுரைகளை வையுங்கள். இதே மண்ணின் எழுத்தாளர் சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' நாவலையும், உயிர் தப்பியவர்களைப் பேச வைத்த பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தையும் சேருங்கள். புத்தகத் திருவிழாவுக்கு வரும் வாசகர்கள் அப்படியே கீழவெண்மணி நினைவிடத்துக்கும் ஒருநாள் போய் வரட்டும். அங்கே பொறிக்கப்பட்டிருக்கும் பெயர்களைப் படித்த பிறகு பிடித்த நாவல் எது என்ற விவாதத்தைத் தொடரலாம். நாமும் அதில் கலந்துகொள்கிறோம்.