வீட்டுப் பந்தியே முதல் பள்ளிக்கூடம்

'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்னும் பழமொழியைப் பிள்ளைகளைக் கண்டிக்கும்போதுதான் நாம் பெரும்பாலும் எடுக்கிறோம். உண்மையில் அது சாப்பாட்டுக்குத்தான் மிகவும் பொருந்தும். அறுபது வயதில் ஒருவர் எதை விரும்பிச் சாப்பிடுகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார், யார் முதலில் சாப்பிட வேண்டும் என்று நினைக்கிறார் என்பவற்றில் பெரும்பகுதி, சிறு வயதில் அவர் உட்கார்ந்த வீட்டுப் பந்தியில் முடிவாகிவிடுகிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம்மவர்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்படுவதில் பாதியளவாவது இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பது என் கருத்து.

ரயில்வேயில் பாலக்காடு கோட்டத்தில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் இருந்தேன். கேங்மேன்களோடு மரத்தடியில் பகல் சாப்பாடு சாப்பிட்ட நாட்கள் ஏராளம். ஒரே கேங்கில் தருமபுரிக்காரரும் ஒற்றப்பாலத்துக்காரரும் ஆந்திராக்காரரும் இருப்பார்கள். சம்பளம் ஒன்றுதான், வேலை ஒன்றுதான், சாமான் வாங்கும் கடையும் ஒன்றுதான். ஆனால் தூக்குச் சட்டியைத் திறந்தால் மூவரும் பிறந்த வீடு தெரிந்துவிடும். தருமபுரிக்காரர் ஐம்பது வயதிலும் ராகிக் களியைத்தான் ஆசையோடு கொண்டுவருவார். அரிசி வாங்க வழியில்லாமல் அல்ல. நாக்கு சிறு வயதில் படித்த பாடம் அது.

நான் இப்போது வசிக்கும் உடும்பஞ்சோலை வட்டாரமே இதற்குப் பெரிய சாட்சி. 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் மரவள்ளிப் பயிரை ஊக்குவித்தார். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது பர்மா அரிசி வரத்து நின்றது. ஏழை வீடுகளில் மரவள்ளிக் கிழங்கே உயிரைக் காப்பாற்றியது. உணவுப் பஞ்சத்தைச் சமாளிக்க அரசு மலைநிலத்தைப் பயிரிடக் கொடுத்தபோது, கீழ்நாட்டிலிருந்து இம்மலையேறிய மலையாளக் குடும்பங்களும் அந்தக் கிழங்கை நட்டுத்தான் பிழைத்தன. பஞ்சம் போய் எத்தனையோ காலமாயிற்று. ஆனால் கப்பையும் மீன் கறியும் இன்றும் விருந்தாளிக்கு வைக்கும் பண்டமாக இருக்கின்றன. பசிக்காகத் தின்ற கிழங்கைப் பாசத்தோடு தின்னச் செய்தது எது? சட்டியைச் சுற்றிக் குடும்பம் மொத்தமும் உட்கார்ந்ததுதான்.

ஏலத்தோட்ட லயங்களில் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் அப்படியே. போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் கேப்பையையும் மொச்சையையும் கருவாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். நானும் லயத்தில் வளர்ந்தவன்தான். காலையில் அம்மா காய் எடுக்கப் போகும்போது நாங்கள் எழுந்திருக்க மாட்டோம். பகலில் கிடைத்தபோது கிடைத்ததைத் தின்போம். ஆனால் இருட்டிய பிறகு ஒரு வேளை எல்லோரும் ஒன்றாக உட்கார்வோம். கேப்பைக் களி, கீரைக் கடைசல், சில நாள் கருவாட்டுக் குழம்பு. பிடிக்காதவருக்கென்று வேறு சட்டி கிடையாது. அப்பா சுண்டைக்காயை ரசித்துக் கடிப்பதைப் பார்த்து நாங்களும் கடித்தோம். இன்றைக்கும் கசப்பான காய் எதுவும் எனக்கு வேம்பாக இருப்பதில்லை. வறுமையை நான் புகழவில்லை. அந்த வறுமையிலும் நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்கிறேன்.

விஞ்ஞானிகள் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மோனல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜூலி மென்னெல்லா குழுவினர் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கர்ப்பகாலத்தின் கடைசி மாதங்களிலோ பால் கொடுக்கும் காலத்திலோ கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், பிறகு கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டன. ஆக, பந்தி தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. பிடிக்காத காயையும் பத்துப் பதினைந்து தடவை சிறிது சிறிதாகச் சுவைக்கக் கொடுத்தால் பல குழந்தைகள் பழகிவிடுகின்றன என்பதும் ஆய்வுகளில் தெரிந்த செய்தி. நாமோ இரண்டாம் தடவையே "என் பிள்ளைக்குக் கீரை ஆகாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அதற்காக வாயில் திணிக்கவும் கூடாது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லியேன் பிர்ச் உள்ளிட்டோர் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், "சூப்பைக் குடித்து முடி" என்று வற்புறுத்தப்பட்ட வேளைகளில் குழந்தைகள் குறைவாகவே குடித்தார்கள். குறையும் அதிகம் சொன்னார்கள். எங்கள் இலாகாவில் புதிதாகச் சரளை போட்டு இறுக்கிய பாதையில் முதல் நாளே முழு வேகத்தில் ரயிலை விடமாட்டோம். மெதுவாக ரயில்கள் ஓட ஓடத்தான் பாதை படியும். அதற்கேற்பப் படிப்படியாக வேகத்தைக் கூட்டுவோம். பிள்ளையின் நாக்கும் அப்படித்தான்.

பந்தியில் நல்லது மட்டுமே படிகிறது என்றும் நினைக்க வேண்டாம். இரண்டு கெட்ட பாடங்களையும் நம் வீடுகள் சொல்லிக்கொடுத்திருக்கின்றன.

முதலாவது சோற்றின் அளவு. ஏற்றத்தில் மூட்டை சுமந்தவருக்குக் குவித்து வைத்த சோறு தேவைப்பட்டது. அவர் பேரன் இன்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறான்; தட்டில் குவியல் மட்டும் குறையவில்லை. உழைப்பு போய்விட்டது, அளவு நின்றுவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, கேரளத்தில் 25.5 சதவீதம். சோறு ஒன்றே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் நால்வரில் ஒருவருக்கு நோய் உள்ள மாநிலத்தில் வாழும் நாம் தட்டைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

இரண்டாவது, பெண்கள் கடைசியில் சாப்பிடுவது. அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடிச்சட்டியில் இருப்பதைத் தின்பதைப் பார்த்தே பெண் குழந்தை வளர்கிறது. ஆண் குழந்தையும் அதையே நியாயம் என்று கற்றுக்கொள்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அடிச்சட்டிச் சோறு அவற்றில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது பந்தியே கலைந்துகொண்டிருப்பதுதான் புதிய ஆபத்து. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஜீப்பில் தினமும் மலைக்கு வந்து திரும்பும் பெண்கள் விடியலிலேயே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். திரும்பும்போது உடம்பு அடுப்படியில் நிற்க மறுக்கிறது. பிள்ளை கையில் காசைக் கொடுத்தால் அது பிஸ்கட், பாக்கெட் நொறுக்குத்தீனி, இரவில் பரோட்டா என்று ஆகிவிடுகிறது. அந்தத் தாய்மாரைக் குறை சொல்வது அநியாயம். நகரத்தில் வசதியாக வாழும் நம்மவர் வீடுகளிலும் ஒருவர் டிவி முன்னும் ஒருவர் செல்போன் முன்னும் தனித்தனியே சாப்பிடுகிறார்களே, அதற்கு எந்த ஜீப்பைக் காரணம் சொல்வது?

அரசாங்கம் செய்யக்கூடியதும் உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெரிய தோட்டங்களில் கேண்டீனும் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்று விதித்தது, குடும்பத்தின் சாப்பாட்டு நேரத்தைத் தோட்டவேலை பறித்துவிடுகிறது என்பதால்தானே? தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் என்று வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அம்மா ஜீப் ஏறிவிட்ட வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் அன்றைய முதல் பந்தி. மலையில் லயத்துப் பிள்ளைகளுக்கும், இன்று அதே லயங்களில் குடியிருக்கும் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் காலையில் இப்படி ஒரு பந்தி உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்று நம் சங்கங்கள் குரல் கொடுக்கலாம்.

மற்றதெல்லாம் நம் கையில்தான். நாளில் ஒரு வேளை, பெரும்பாலும் இரவு, வீட்டிலுள்ள அனைவரும் ஒன்றாக உட்கார வேண்டும். அம்மாவும் உட்கார வேண்டும். சட்டிகளை நடுவில் வைத்துவிட்டால் பரிமாற ஒருவர் நிற்கத் தேவையில்லை. பிள்ளைக்கென்று தனிச் சமையல் வேண்டாம், வற்புறுத்தலும் வேண்டாம். சோற்றைக் குறைத்து வெஞ்சனத்தைக் கூட்டுவோம். பையன்களும் தட்டு எடுக்கட்டும், கழுவட்டும். கேப்பையோடு கப்பையும் புட்டும் இருக்கட்டும். வந்த மண்ணின் உணவையும் வாழும் மண்ணின் உணவையும் சேர்த்துப் பழகிய பிள்ளை எங்கே போனாலும் பட்டினி கிடக்காது.

சங்கத்தின் பொங்கல் விழாவுக்கும் ஒரு யோசனை. வழக்கமான கேட்டரிங் சாப்பாட்டோடு, குடும்பத்துக்கு ஒன்றாகக் களி, கீரை, மொச்சைக் குழம்பு என்று வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லலாம். பிள்ளைகள் பரிமாற, தாய்மார் முதல் பந்தியில் உட்காரட்டும். மேடையில் தமிழின் பெருமையைப் பேசும் நேரத்தில் கொஞ்சம் குறைந்தால் குற்றமில்லை. "இன்னும் கொஞ்சம் போடவா, அம்மா?" என்று கேட்டுப் பழகுவதும் தமிழ்தான்.