'வெறும்' ஆசிரியை

"அந்தக் காலத்தில் திரையில் ஓஹோவென்று வந்த குழந்தை; பிறகு வெறும் ஆசிரியை ஆகிவிட்டாள்." குழந்தை நட்சத்திரங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இவ்விதம் உச்சுக் கொட்டுவோரைச் சந்திக்கிறோம். அந்த 'வெறும்' என்னும் சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

குமாரி கமலாவை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பழைய தஞ்சை மாவட்டத்து மாயவரத்தில் 1934இல் பிறந்தவர். நான்கு வயதிலேயே 'வாலிபர் சங்கம்' (1938) படத்தில் தோன்றினார். 1943இல் 'கிஸ்மத்', 'ராம் ராஜ்யா' என்னும் இந்திப் படங்கள். அடுத்த ஆண்டு 'ஜகதலப்பிரதாபன்'. 1947இல் 'நாம் இருவர்' வெளிவந்தது. பாரதியின் பாடல்களுக்கு அவர் ஆடியதைக் கண்டு தமிழகம் சொக்கிப்போயிற்று. சபா வாயிலை மிதித்தறியாத எளியோரும் பரதநாட்டியத்தைக் கொட்டகையின் மணல் தரையில் அமர்ந்து கண்டனர். 1970இல் பத்மபூஷண் கிடைத்தது.

உச்சுக் கொட்டுவோர் கதையை இத்தோடு முடித்துவிடுகின்றனர். நாமோ இங்குதான் தொடங்க விரும்புகிறோம். 1975இல் அமெரிக்காவின் கோல்கேட் பல்கலைக்கழகம் நடனம் கற்பிக்க அவரை அழைத்தது. 1980இல் நியூயார்க்கில் குடியேறி, லாங் ஐலண்டில் பள்ளி அமைத்து, புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக் கொடுத்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 2010இல், மரபுக் கலைஞர்க்கு அமெரிக்க அரசு வழங்கும் உயரிய விருது அவரைத் தேடி வந்தது. தட்டுக்கழியும் கையுமாய்க் கழிந்த அந்த ஆண்டுகளை இறக்கம் என்பவர், தம் பிள்ளையின் ஆசிரியரைக் காலையில் எந்த முகத்தோடு வணங்குகிறார்?

"பிஞ்சிலேயே திரைக்கு அனுப்பியதால்தானே இவ்வளவும்?" எனச் சிலர் மடக்கக்கூடும். அன்று. மகளின் புகழ் பரவத் தொடங்கிய வேளையில் அந்தத் தாய் சென்னைக்குக் குடிபெயர்ந்தது நல்லாசான் வேண்டித்தான். காட்டுமன்னார்கோயில் முத்துக்குமாரப் பிள்ளையிடமும், மாயவரத்தை அடுத்த வழுவூரின் இராமையாப் பிள்ளையிடமும் மகளை ஒப்படைத்தார். திரை தந்த புகழ் படத்தோடு போயிருக்கும். ஆசான் தந்த வித்தைதான் அவரை ஆசிரியையாக்கியது. நாற்றின் வயது பார்த்துப் பறிக்கத் தெரிந்த நம் டெல்டா மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

இன்றைய தொலைக்காட்சிப் போட்டிகளோ நாற்றங்காலையே அறுவடை செய்யப் பார்க்கின்றன. நள்ளிரவுவரை விளக்கொளியில் நிறுத்தப்படும் ஏழு வயதுப் பிள்ளை, நடுவர் உதடு பிதுக்கினால் அழ வேண்டும். அழுதால் அதையும் மெதுவாக ஓட்டிக் காட்டுவர். இதற்குத் 'திறமை' என்று பெயர்!

சட்டம் இல்லாமலில்லை. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் பிள்ளைகள் நடிக்க விதிவிலக்கு அளித்தது. 2017இன் விதிகள் அதற்கு வேலி கட்டின: நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வின்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாள்களுக்கு மேல் கூடாது, தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும், வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைப் பிள்ளையின் பெயரில் தேசியமய வங்கியில் வைப்பாக இட வேண்டும். மீதி எண்பது? விதி மௌனம் சாதிக்கிறது. சாப்ளினோடு 'தி கிட்' (1921) படத்தில் நடித்த ஜாக்கி கூகன், தான் ஈட்டிய பணத்துக்காகத் தாயின்மீதும் மாற்றுத் தந்தையின்மீதும் 1938இல் வழக்காட நேர்ந்தது. மறு ஆண்டே கலிபோர்னியா அவர் பெயரால் வழங்கும் சட்டத்தை இயற்றியது. பெற்றோர் அனைவரும் அப்படிப்பட்டவர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அன்பு கணக்கெழுதாது என்பதற்காகக் கணக்கே வேண்டாமா?

கும்பகோணத்திலும் பட்டுக்கோட்டையிலும் குரல் தேர்வுக்கென்று பேருந்து ஏறும் பெற்றோரே, ஆட்சியரின் அனுமதித் தாளையும் வைப்புக் கணக்கின் நகலையும் முதலில் கேளுங்கள். முகம் சுளிக்கும் நிறுவனமாயின் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுங்கள். மறுநாள் முதல் மணி அடிப்பதற்குள் பள்ளிக்குப் போய்விடலாம்.