ஏமாந்தவரா குற்றவாளி?

“நீ ஏன் ஏமாந்தாய்?” - பணத்தைப் பறிகொடுத்துப் பரிதவிப்பவரைப் பார்த்து இப்படிக் கேட்கிறார்கள், அந்தப் பணத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்கள். கேட்பது எளிது, தோழர்களே! ஏமாற்றுகிறவன் கையில் இன்று இருக்கும் கருவி எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தார்களா?

செயற்கை நுண்ணறிவு என்றோர் ஆற்றல் பிறந்திருக்கிறது. ஒருவரின் பேச்சு சில விநாடி கிடைத்தால் போதும். அதே குரலில் பேசிக் காட்டுகிறது. அடையாற்றில் உள்ள தாய்க்கு, அயல்நாட்டில் உள்ள மகனின் குரல் கேட்கிறது: “அம்மா, விபத்து! உடனே பணம் அனுப்பு!” மயிலாப்பூரில் ஓய்வூதியம் பெறும் முதியவரின் கைப்பேசித் திரையில் காவல்துறை உடுப்போடு ஒரு முகம் மிரட்டுகிறது: “உம்மை டிஜிட்டல் கைது செய்துவிட்டோம்!” அப்படியொரு கைது இந்த நாட்டுச் சட்டத்திலேயே இல்லை. 2024 அக்டோபர் 27-ல் பிரதமரே வானொலியில் அதைச் சொன்னார். சொன்னது சரி, செய்தது போதுமா?

2024-ல் இணைய மோசடியில் மக்கள் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய். முந்தைய ஆண்டில் 7,465 கோடி. மத்திய சர்க்கார் நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு இது. ஓராண்டில் மும்மடங்கு!

இழந்தவரெல்லாம் ஏமாளிகளா? ஹாங்காங்கில் ஒரு பெரிய நிறுவனத்தின் நிதி அலுவலர், காணொளிக் கூட்டத்தில் மேலதிகாரிகளின் போலி உருவங்களைக் கண்டு, 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார் - 2024-ல் வெளிவந்த செய்தி. கணக்கிலே கைதேர்ந்தவரே வீழ்ந்தார் என்றால், தியாகராய நகரில் நாளெல்லாம் நின்று துணி விற்கும் தொழிலாளியை மட்டும் குறை கூறுவது நியாயமா?

1906-ல் இதே சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. மக்களின் சேமிப்பு மண்ணாயிற்று. வெள்ளையர் ஆட்சிதான், ஆனாலும் வெள்ளை முதலாளி ஜார்ஜ் அர்பத்நாட் கூண்டிலேறி, 18 மாதக் கடுங்காவல் பெற்றார். பணத்தை வைத்திருந்தவர் பதில் சொன்னார்!

இன்றைய நிலை என்ன? 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதியைப் பாருங்கள். இரகசிய எண்ணைச் சொல்லிவிட்டவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு முழுவதையும் தாமே சுமக்க வேண்டும் என்றது அது. பிரிட்டனிலோ, ஏமாற்றி அனுப்பவைத்த பணத்தை 85,000 பவுன் வரை வங்கிகள் திருப்பித் தரவேண்டும் என்று 2024 அக்டோபர் 7 முதல் விதி. அனுப்பிய வங்கி பாதி, பெற்ற வங்கி பாதி! இழப்பு தன் தலையில் விழும் என்றால்தான் வங்கிக்கு விழிப்பு வரும்.

களவுப் பணம் போய்ச் சேருவது வாடகைக் கணக்குகளில். அவற்றைக் கண்டுபிடிக்கவும் செயற்கை நுண்ணறிவு உண்டு. ரிசர்வ் வங்கியே அத்தகைய கருவியை 2024 டிசம்பரில் அறிவித்தது. ஓராண்டு கழித்து, 2025 டிசம்பர் 1-ல், சந்தேகக் கணக்குகளைப் பிடிக்க அந்த நுட்பத்தை ஏன் பயன்படுத்தவில்லை என்று உச்ச நீதிமன்றம் கேட்க நேர்ந்தது. கள்வன் கையில் உருவிய வாள். காவலன் கையில் உறையிலிட்ட வாள்!

காவல்துறை மாநிலப் பட்டியலில். வங்கி மத்திய பட்டியலில். கண்ணீரோடு வருவோரின் புகாரை நம் காவலர் வாங்குகிறார். வங்கியை வழிநடத்தும் அதிகாரமோ டில்லியில். அதிகாரம் அங்கே, அழுகை இங்கே!

ஆகவே கேட்போம்: இழப்பில் வங்கியும் பங்கேற்க விதி வேண்டும். இயந்திரத்தைக் காட்டி ஆட்குறைப்புச் செய்யாமல், அது எழுப்பும் ஐயத்தை ஆராய ஆட்களை அமர்த்த வேண்டும்.

அதுவரை நம் கடமை? படிப்பகம்தோறும், பணிமனை வாயில்தோறும் சொல்லுங்கள்: குரலை நம்பாதீர், இணைப்பைத் துண்டித்து, பிள்ளையின் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பணம் போனால் நொடியும் தாமதியாமல் 1930-க்குச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்; வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர்.

ஏன், எதற்கு என்று கேட்கக் கற்றுத் தந்த இயக்கம் நம்முடையது. “ஏன் ஏமாந்தாய்?” என்போரை நோக்கி நாம் கேட்போம்: “நீங்கள் ஏன் காக்கவில்லை?”